கேட் போட்டாச்சு

கொருக்குப்பேட்டை கேட்டில்
வண்டியை அணைத்துவிட்டு நிற்கிறேன்.
முன்னால் ஐஸ் ஒழுகும் மீன்பாடி வண்டி,
முதுகில் கண்டெய்னர் லாரியின் சூடு.
கூட்ஸ் வருகிறது.
நாற்பது பெட்டிக்குக் குறையாது.

மூன்று பெட்டிக்கு மூச்சு உள்ளே.
விலா இரண்டு பக்கமும் அகல,
வயிறு தன் இஷ்டத்துக்கு முன்னால் வர,
சீட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சதை
தூளித் துணிபோலத் தாழும்.
மூன்று பெட்டிக்கு மூச்சு வெளியே.
மூத்திரத்தை அடக்குவதுபோல,
கல்யாணப் பந்தியில் வாயுவை அடக்குவதுபோல,
முன்னும் பின்னும் சேர்ந்து உள்ளே, மேலே.
தொடை சும்மா இருக்க வேண்டும்.
பிட்டம் சும்மா இருக்க வேண்டும்.
முகமும்.
பக்கத்து பைக்காரர் பார்க்கிறார்:
கேட்டுக்குக் காத்திருக்கும் ஒரு பொம்பளை.

"இடுப்புத் தளம்" என்றாள் பெனடிக்டா,
ஸ்டான்லியில், பச்சைத் திரைக்குப் பின்னால்.
தளம் என்றால் எனக்கு மொட்டைமாடிதான் தெரியும்.
எங்கள் வீட்டில் அதுவும் ஒழுகும் என்றேன்.
சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
சின்னவன் பிறந்து நாலு வருஷமாய்
யோசித்துத்தான் சிரிக்கிறேன்.
தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொள்கிறேன்.
டில்லிபாபு சொல்லும் கதைகளுக்கு
உதட்டால் மட்டும் பதில்.
கோபம் என்று நினைத்திருக்கிறது அந்த ஜென்மம்.

கை வைத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:
"இறுக்கத் தெரியுது உங்களுக்கு.
விடத்தான் தெரியல."

எப்படித் தெரியும்?
பதிமூன்று வயதில் தொடங்கியது.
டவுன் பஸ்ஸில் வயிற்றை உள்ளே இழு,
ஜாக்கெட் அளவுக்கு இழு,
போட்டோவுக்கு இழு.
விடு என்று ஒருவரும் சொன்னதில்லை.
பிரசவ வார்டில்கூட
முக்கு என்றுதான் கத்தினார்கள்.

அந்த ரெக்சின் மேஜைமேல்
முழங்கால் மடக்கிப் படுத்து, விட்டேன்.
ஏனோ கண்ணில் தண்ணீர்.
"அதுவும் வரும்" என்று
பஞ்சைக் கிழித்துக் கொடுத்தாள்.

தண்ணி லாரி வந்தால் இன்னொரு பாடம்.
குடத்தை ஏற்றி ஒரு பக்கம் ஒடிந்து நிற்காதே,
முட்டியைப் பூட்டாதே,
இடுப்புக்கு நேர் மேலே விலா,
குடத்துமேல் குடம்போல.
தூக்குமுன் அடியில் ஒரு பிடி.
தூக்கும்போது ஊது.

"இன்னாடி, அடுப்பு ஊதுற மாதிரி
ஊதிக்கினே தூக்குற?"
மரகதவல்லிதான்.
சொன்னேன். முழுசாக இல்லை, பாதி.
அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.
ஹோஸ் சத்தத்துக்கு அடியில் குரலை நுழைத்து
"உனக்குமா?" என்றாள்.
அவளுக்குப் பின்னால் நின்ற ஷாகிராவும்
மெதுவாகத் திரும்பினாள்.
நீலக் குடம் நிரம்பி வழிந்து
தெருவில் ஓடியதை
மூன்று பேரும் பார்க்கவில்லை.
லாரிக்காரன்தான் திட்டினான்.

நேற்று மிளகாய் வறுக்கையில் மூன்று தும்மல்.
இரண்டில் நான் ஜெயித்தேன்.

கடைசிப் பெட்டி. கார்டு கையில் பச்சைக் கொடி.
கேட் தூக்கியாச்சு,
எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில்.
நான் இன்னும் விடுகிற பாதியில் இருக்கிறேன்.
இறுக்கியது மட்டும் கணக்கில்லை,
மூன்று எண்ணி முழுசாக விட வேண்டும்.

"யம்மா, வண்டிய எடு!"

எடுக்கிறேன்பா.
இன்னும் ஒன்று.