ஆறரை அடி

திட்ட வரைபடத்தைப் பள்ளிக்கூடத் தரையில் விரித்தார்கள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததால்
உதவிப் பொறியாளர் வர நாற்பது நிமிடம்.
அதற்குள் எங்களுக்கு
அதன் நான்கு மூலையும் பழகிவிட்டது:
ஒன்றின்மேல் என் டிபன் பாக்ஸ்,
ஒன்றின்மேல் யாருடைய குழந்தையோ.

எட்டு பிளாக் இருந்த இடத்தில் மூன்று கோபுரம்.
நடுவே பச்சை.
பச்ச இன்னா சார், என்றாள் ஏகவல்லி.
பூங்கா என்றார்கள்.
அங்கதான தண்ணி லாரி நிக்குது.
லாரி வராது, குழாய் வரும் என்றார்கள்.
அவள் பதில் சொல்லவில்லை.
பல்லில் கடித்திருந்த ஹேர்பின்னை எடுத்துக்
கொண்டையில் செருகிக்கொண்டாள்.

தலைக்கு மூன்று ஸ்டிக்கர் கொடுத்து
பிடித்த இடத்தில் ஒட்டச் சொன்னார்கள்.
அரை மணியில் அவை
பிள்ளைகளின் கன்னத்திலும்
மின்விசிறி ரெகுலேட்டரிலும் இருந்தன.
என்னுடைய மூன்றும்
இன்னும் செல்போன் உறைக்குள்.
எங்கே ஒட்டுவது?
காகிதத்தில் எங்கள் வீடு கட்டைவிரல் அகலம்.

டில்லிபாபுதான் சொன்னான்,
கேரம் போர்டு செய்கிறவன்,
அளக்காமல் எதையும் நம்பாதவன்:
பேப்பர்ல வேணா சார். தரையில போட்டுக் காட்டு.

விளையாட்டு விழாவுக்கு வாங்கிய
சுண்ணாம்பு அரை மூட்டை மிச்சமிருந்தது.
மைதானத்தில் பொறியாளர்
வேர்க்க வேர்க்க டேப்பைப் பிடித்தார்.
நானூற்றுப் பத்து சதுர அடி.
கூடம், அடுப்படி, கக்கூஸ், துளி பால்கனி.

பிறகு நாங்கள் குடிபோனோம்.

நூருன்னிசா அடுப்படியில் மாவு கிண்டிப் பார்த்தாள்.
முழங்கை இடித்தது.
இல்லாத சுவர்தான்;
இருந்தும் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.
மெர்சி ஜன்னலைத் திறந்து
நேராக எதிர்வீட்டுக் கக்கூஸைப் பார்த்தாள்.
மூடினாள்.
அத்தோக் கடை சவரிமுத்து
வண்டியைத் தள்ளியபடியே வந்து
எந்தக் கோட்டுக்குள்ளும் நிறுத்த முடியாமல்
இரண்டு சுற்று சுற்றி
மைதானத்துக்கு வெளியே போய் நின்றார்.
இத்த எழுதிக்க சார், என்றார் அங்கிருந்து.

தேசப்பன்,
ஹார்பரில் மூட்டை தூக்கி இடுப்பு போனவர்,
மாடிப்படிக் கோட்டின்முன் மல்லாந்து படுத்தார்.
நான் செத்துட்டேன். எறக்கு.

நாலு பேர் தூக்கினார்கள், சிரித்துக்கொண்டே.
திருப்பத்தில் கால் கோட்டைத் தாண்டியது.
சாய்த்தார்கள்; தலை தாண்டியது.
லிஃப்ட் என்று போட்டிருந்த கட்டத்தில்
அவரை நிற்கவைக்க வேண்டியிருந்தது.
அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.
சி பிளாக் மூன்றாவது மாடியிலிருந்து
போர்வையில் சுற்றி, கயிறு கட்டி,
பால்கனி வழியாக இறக்கினோமே
அமலோற்பவத்தை.
அவள் கை ஒன்று வெளியே தொங்கிற்று.
வளையலோடு.

பொறியாளர் சின்னப் பையன்.
கண்ணாடியைத் துடைத்தார்.
ஆறடி போதுமா?
ஆறர, என்றார் தேசப்பன், செத்தபடியே.
பொட்டி வெக்கணும்ல.

'பொதுமக்களின் கருத்துகள் கேட்டறியப்பட்டன'
என்று குறிப்பேட்டில்
முந்தைய நாளே தட்டச்சாகியிருந்தது.
அதன் கீழ்க் கையெழுத்துக்கு நாற்பத்தேழு கோடுகள்.
ஏகவல்லி பேனாவை வாங்கி
எழுத்துக்கூட்டி எழுதினாள்:
லிப்ட்டு ஆறர அடி. பொணம் படுக்கணும்.
தண்ணி வர்ற வரைக்கும் லாரி நிக்க எடம்.
வண்டிக்கும் எடம்.
அப்புறம்தான் கோடுகள் நிரம்பின.
ஒன்பது மட்டும் காலி.
எஃப் பிளாக் இன்னும் நம்பவில்லை.

நான் நம்புகிறேனா, தெரியாது.
வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டதற்கு
கேட் திறந்துட்டாங்களாம், கிளம்பணும் என்றார்கள்.

மறுநாள் காலை
ப்ரேயருக்கு வரிசை நின்ற பிள்ளைகள்
எங்கள் சுவர்களை மிதித்து அழித்துக்கொண்டிருந்தார்கள்.
வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
தாமதமாக ஓடிவந்த சிறுமி ஒருத்தி
கோட்டில் வாசலுக்கென்று விட்டிருந்த
இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்து
அதன் வழியாக உள்ளே போனாள்,
செருப்பை வெளியே விட்டு.