ஒரு சாண்

நீர்கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பெட்டி வரும்.
விடிய ஐந்தரைக்கு ஸ்ரான்லி வீதியில்
ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு
ரெஜிபோம் மூடியைக் கத்தியால் கீறுவேன்.
காற்றடைத்த பைகள். பைக்கு இருபது சுறாக்குஞ்சு.

சுறா இல்லை அது. கெளிற்றுச் சாதி.
முதுகில் ஒரு செட்டை நிமிர்ந்து நிற்பதால்
சுறா என்று எழுதி ஒட்டினேன்.
கெளிறு என்றால் ஆர் வாங்குவினம்?

எவ்வளவு வளரும் என்று கேட்பவர்கள் குறைவு.
கேட்டால் இடக்கையை விரித்துக் காட்டுவேன்:
ஒரு சாண்.
"தொட்டியளவுக்குத்தான் வளரும், பயப்பிடாதேங்கோ."
இந்த வசனத்தை எனக்குத் தந்தவர்
மொத்த வியாபாரி. மீனுக்குக் காசு, வசனம் சும்மா.

போன வருடம் பங்குனியில்
நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிற யூடித் வந்தா.
இரண்டடித் தொட்டி, நீலக் கல்லு, மூன்று சுறா.
என் சாணைப் பார்த்துவிட்டுக்
கைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து
விரல்களின் மேல் வைத்தா.
எட்டேகால் அங்குலம்.
நான் சிரித்தேன். அவ கொப்பியில் குறித்தா.

இந்த வைகாசியில் திரும்பி வந்தா.
பிள்ளை குளிக்கவார்க்கிற பேசினில்,
ஓட்டோவின் பின்சீற் முழுக்க நனைய,
ஒன்று.
மற்ற ரெண்டும்? நான் கேட்கவில்லை.
சண்டை பிடிப்பா என்று நின்றேன். பிடிக்கவுமில்லை.
"அதுக்குத் திரும்பேலாமல் கிடக்கு," என்றா.
"முன்னுக்குப் போகுது, கண்ணாடியில முட்டுது,
பிறகு அப்பிடியே பின்னுக்கு வருது,
எங்கட ஒழுங்கைக்குள்ள வந்திட்ட
தண்ணி பவுசர் மாதிரி."

மூக்கு நுனி தோலுரிந்து வெள்ளையாய் இருந்தது.

"குழம்பு வைக்கேலாதோ அண்ணை?"
என்று ஓட்டோக்காரப் பெடியன் எட்டிப் பார்த்தான்.
பிறகு தானே சொன்னான்:
"சீ, நன்னீர். சேறு மணக்கும்."
பாசையூரான். கடலில் பிறக்காதது எதுவும்
அவனுக்கு மீன் இல்லை.

குளத்தில் விடுங்கோ என்று சொல்ல வாய் வரை வந்தது.
அங்கே கிடக்கிற சின்னச் சாதிகளை நினைத்து
விழுங்கிக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தொட்டி,
நான் வலைகளும் பைப்புகளும் கழுவுவது.
ஐந்தடி. பாசியை உரஞ்சித் தண்ணீர் மாற்றி
இரண்டு பேருமாய் அதில் இறக்கினோம்.
அவ அடிமட்டத்தை வைத்துப் பார்த்தா. பதினாறரை.
கொப்பியில் எட்டேகாலை வெட்டினா.
"இன்னும் வளரும்," என்றேன்.
நான் அவவுக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அன்றைக்கு முழுக்க அது திரும்பவில்லை.
அவ்வளவு இடம் இருந்தும்
இரண்டடி முன்னுக்குப் போய்,
இல்லாத கண்ணாடிக்கு முன் நின்று,
இரண்டடி பின்னுக்கு வந்தது.

ஒரு சாண் வயிற்றுக்கு ஒரு சாண் பொய்
என்று இரவு கணக்குப் பார்க்கையில் சொல்லிப் பார்த்தேன்.
கேட்க நல்லாத்தான் இருந்தது.
கடை வாடகை அதைவிட நீளம்.

சனிக்கிழமை ரியூசன் விட்டு
வெள்ளைச் சேட்டில் மையோடு ஒரு பொடி வந்தான்.
"அங்கிள், சுறா எவ்வளவு வளரும்?"
இந்த முறை இரண்டு கையையும் விரித்தேன்.
ஒன்று ரியூப்லைற்றில் முட்டியது.
"நாலடி, தம்பி."
அவன் கண்ணும் நாலடிக்கு விரிந்தது.
"நாலடியோ! அப்ப ரெண்டு தாங்கோ."

தொட்டி எவ்வளவு என்று கேட்டேன்.
வீட்டில் ஒரு ஊறுகாய்ப் போத்தல் கிடக்காம்,
பெரிய போத்தலாம்.

கொடுத்தேன்.
ரப்பர் பாண்டை மூன்று சுற்றுச் சுற்றி
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு கை தண்ணீர்.
அதற்குள்ளே ரெண்டில் சின்னது
எதிலும் முட்டாமல்
ஒரு முழு வட்டம் திரும்பியது.