நிரம்பாத தொட்டி

"இருபத்திரண்டு வருஷம்.
ஒரு தடவகூட நிரம்பல" என்றார் ரெமிஜியூஸ்,
பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற குரலில்.
கழிவு லாரிக்காரனுக்கு
ஒரு ரூபாய் கொடுத்ததில்லையாம்.
வீட்டை வாங்கப்போகிறவர்
பரமக்குடியிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.
"நல்லதுதானே மேடம்?"
மூடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மூடி எங்கே?
கொத்தனாருக்குத் தெரியும்.
கொத்தனார்?
மாலத்தீவில்.

தங்கச்சிமடத்து மணல்
கேள்வி கேட்காமல் கம்பியை உள்ளே விடும்.
குத்தினேன், பிடுங்கினேன், முனையை முகர்ந்தேன்.
டிப்ளமோவில் சொல்லித்தராத பாடம் அது,
இந்த வேலையில் பாதி மூக்குக்கு.
கொல்லையில் ஆறு இடம் பொய்.
கோழிக்கூண்டை நகர்த்தச் சொல்லிக் குத்தியபோது
டொக்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
ஒரு செம்பு நீண்டது.
"வெயில்ல நிக்கிறியே, குடி."
பிரகாசியம்மாள்.
சேலையெல்லாம் மண்,
பின்னால் வரிசை வரிசையாய் மல்லிகைப் பதியன்.
முந்நூறு அடியில் கடல்,
தண்ணீரில் உப்பின் சாயலே இல்லை.
இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மூடியை நெம்பிவிட்டு
அரைமணி நேரம் காற்றுக்குக் கொடுத்தோம்.
டார்ச்சோடு குனிந்த ரெமிஜியூஸ் மகனை
சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.
எட்டிப் பார்க்கிற இடமில்லை தம்பி,
உள்ளே இருப்பது வாசனை மட்டுமில்லை.
நீளக் கழியில் வெள்ளைத் துணி சுற்றி இறக்கினேன்.
நான்கு பக்கமும் செங்கல் தட்டியது.
அடியில் எதுவும் தட்டவில்லை.
போய்க்கொண்டே இருந்தது கழி.
ஏறி வந்த துணியில்
ஈர மணல்.

தரை போடவே இல்லை.

"அப்பல்லாம் அப்படித்தான் கட்டுவாங்க" என்றார்.
உண்மைதான், அப்படித்தான் கட்டினார்கள்.
பத்திரத்தை வாங்கிப் புரட்டினேன்.
கிழக்கே ம. பிரகாசியம்மாள் வீடும் கிணறும்,
மேற்கே பொதுப்பாதை,
வடக்கே, தெற்கே,
இதற்குட்பட்ட ஏழு சென்ட்.
மணலுக்கடியில் எழுதப்படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.

செவ்வாய்க்கிழமை
கழிப்பறையில் சாயத்தூள் கரைத்து ஊற்றினேன்.
விஷமில்லை, பச்சை நிறம், அவ்வளவுதான்.
பிரகாசியம்மாளிடமும் சொன்னேன்,
தண்ணியில நெறம் தெரிஞ்சா கூப்பிடுங்க என்று.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
நானாகச் சொல்லவுமில்லை.
பாம்பன் பாலத்தில் திரும்பும்போது
காற்று ஸ்கூட்டியைத் தள்ளியது.
தொண்டையில் அந்த இனிப்பு.

வெள்ளிக்கிழமை விடியலில் போன்.

வாளிக்குள்
கிளிப்பச்சை.
வெயில் பட்டதும் அது மினுங்கியது, அழகாக,
அழகென்று தோன்றியதற்கு வெட்கப்பட்டேன்.
ரெமிஜியூஸ் சுவரோரம் வந்து பார்த்தார்,
ஒன்றும் பேசாமல் போய்
கோழிகளுக்குத் தீனி போட்டார்.
பிறகு தணிந்த குரலில்:
"ரிப்போர்ட்ல தொட்டியோட நிறுத்திக்கலாமா?
கிணறு என் எடத்துல இல்லையே."
இல்லை என்றேன்.

எழுதினேன், கிணற்றையும் சேர்த்து.
பரமக்குடிக்காரர் கவனமாகப் படித்தார்.
ஒன்றே முக்கால் லட்சம் குறைத்துக் கேட்டார்.
ஒன்றரையில் முடிந்தது.
அடுத்த மாதம் பதிவு.
புதுத் தொட்டி எப்போது கட்டுவீர்கள் என்றேன்.
"மொதல்ல பெயிண்டு, பெறகு அதான்."
என் கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு,
பெட்ரோல் தனி. வந்துவிட்டது.

தோட்டத்துக்குள் போனேன்.
இறைத்து இறைத்துப்
பதியனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார் பிரகாசியம்மாள்.
"பூவு பச்சையா வந்துறாதே?"
வராது.
"இந்த நெறம் எப்பப் போகும்?"
நாலு நாளில்.
வாளியைக் கிணற்றுத் துவளையில் வைத்தார்,
கையைச் சேலையில் துடைத்தார்.
"போனதும் குடிக்கலாம்ல?"