பேர் போடாத மனு

ஸ்டான்லியில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து
வீடு சேர ஒன்றரை ஆகும்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
கூட்ஸ் வண்டி முழுக்கப் போகும் வரை நின்று
இன்னும் இருபது நிமிஷம்.
வார்டு துடைத்த கையில் ஃபினாயில் போகாது.

மூன்று மணிக்கு மேல்மாடியில் கிரைண்டர்.
முதலில் ஒரு இழுப்பு, பிறகு கல் சுற்றும்.
விரல் வைத்தாலே உதிரும்
வாரியத்துக் கூரை வழியாக இறங்கி
கட்டில் காலில் நின்று
என் பல்லுக்கு வந்து சேரும்.
மகள் காதில் பஞ்சு வைத்துப் படுப்பாள்.
ஒருநாள் உள்ளங்கையளவு பூச்சு
அவள் தலையணையில் விழுந்தது.
தலை அப்போது ஓரத்தில் இருந்தது.

பிலோமினாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.
"ஆறு மணிக்கு கடைங்களுக்கு மாவு போவணும்.
லேட்டா ஆரம்பிச்சா
நீயா கட்டுவ என் குழு லோன?"
அவள் சொன்னதில் தப்பில்லை.
எனக்குத் தூக்கம் வந்ததிலும் தப்பில்லை.

வாரிய ஆபீசில் விசாரித்தேன்,
வேறு யாருக்காகவோ கேட்பதுபோல.
ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிரவில்லை.
"ஒதுக்கீட்டு ஆணை யார் பேர்ல?
இருந்தா மனு குடுக்கலாம்.
இல்லன்னா, உள்ள யார் இருக்காங்கன்னு
நாங்க வந்து பாக்க வேண்டியிருக்கும்."

ஆணை தணிகாசலம் பேரில்.
தணிகாசலம் செங்குன்றத்தில், சொந்த வீட்டில்.
வாரியத்துக்கு அவர் கட்டுவது சில நூறு.
அவருக்கு நான் கட்டுவது ஐயாயிரம்,
ரசீது கிடையாது.
ரேஷன் கார்டில் நான் இன்னும்
புளியந்தோப்பில் குடியிருக்கிறேன்.

அதனால் பேர் போடாமல் எழுதினேன்,
மகள் நோட்டின் நடுத்தாளைக் கிழித்து.
ஐயா, ஈ பிளாக், இரண்டாம் மாடி,
குடியிருப்பில் வியாபாரம்,
கூரைப் பூச்சு கீழே விழுகிறது,
மோட்டார் மூன்று குதிரைச் சக்தி.
குதிரைச் சக்தி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.
கோபத்துக்கு அந்த எண் சரியாக இருந்தது.

பதினோராம் நாள் வந்தார்கள்.
இரண்டு பேர், ஒரு ஃபைல்.
கிரைண்டர் மேல் போர்வை போர்த்தி
மாதா படம் வைத்திருந்தாளாம்.
இறங்கும்போது என் கதவு திறந்திருந்தது.
"நீங்க யாரு? அலாட்டி எங்க?"

எனக்கு வாய் எழவில்லை.
பின்னால் படியிலிருந்து பிலோமினா:
"தணிகாசலத்தோட தங்கச்சி சார்.
புருஷன் வீட்ல சண்டை, வந்து இருக்குது.
அண்ணன் வேலைக்குப் போயிருக்காரு,
ராத்திரிதான் வருவாரு."
ஒரே மூச்சில் எனக்கு
ஒரு அண்ணன், ஒரு புருஷன், ஒரு சண்டை.

மனு பெரியவர் கையில் இருந்தது,
எழுத்து வெளிப்பக்கமாக.
பிலோமினா அதைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.

அவளுக்கு எழுதப் படிக்க வராது.
மாவுக் கடன் நோட்டு மாதக் கடைசியில்
என்னிடம்தான் வரும்.
யாருக்கு எத்தனை பாக்கெட், யார் பாக்கி,
என் பாக்கியும் என் கையால்தான்.
படிக்கத் தெரியாதவளுக்கும்
எழுத்தின் முகம் தெரியும்:
என் 'ழ'வின் வால்
அவள் நோட்டு முழுக்கக்
கொக்கி போலத் தொங்குகிறது.

மறுநாளும் மூன்று மணிக்குக் கல் சுற்றியது.
அடியில் ஏதோ வைத்திருக்கிறாள்,
பழைய டயரோ, கோணியோ.
இல்லை, நான்தான் குறைவாகக் கேட்கிறேனோ.

மாதக் கடைசி. நோட்டோடு வந்தாள்.
சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"கீழ்வீடு, பன்னெண்டு பாக்கெட். எழுது."
'கீ' எழுதினேன்.
அடுத்த எழுத்துக்கு
வாலை வெட்டிவிட்டேன்.