நாற்பத்தொன்றாம் ஆளின் கயிறு

வூஸ்டர். பிப்ரவரி. ஆய்வுக்கூடக் குழாய்களில்
வெந்நீர் இருமிக்கொண்டிருந்தது.
மணிக்குத் தொண்ணூறு சென்ட் கூலிக்கு
அந்நியர் ஆசைகளை எண்ணுவது என் வேலை.

படம் ஒன்றுதான்: பாதி தார் பூசிய படகு,
இரண்டு ஆண்கள், ஒருவன் கையில் கயிறு.
ஐந்து நிமிடத்தில் ஒரு கதை.
கதையில் எவனாவது வெல்லத் துடித்தால் ஒரு கோடு,
யாரையாவது தேடினால் ஒரு கோடு,
அடுத்தவனை அடக்கப் பார்த்தால் ஒரு கோடு.
கூட்டினால் ஆள் கிடைப்பான் என்றது கையேடு.

பெரும்பாலோர் கிடைத்தார்கள்.
காப்பீட்டு முகவர் படகைப் பந்தயத்தில் விட்டு ஜெயித்தார்.
புதிதாய் மணமான ஒருத்தி இருவரையும் அண்ணன் தம்பியாக்கி,
பிரித்து, அழவைத்து, சேர்த்தும் வைத்தாள்
ஐந்து நிமிடத்துக்குள்.

நாற்பத்தொன்றாம் ஆளுக்குக் கம்பி ஆலையில் இரவு வேலை.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது. தெரியும்: ஓர்வோ நீமெலா.
அவர் சொன்னது மொத்தமே இவ்வளவு:
"இவனுக்கு எதுவும் வேண்டாம்.
கயிறு நனைந்திருக்கிறது, முடிச்சு நிற்காது.
அவிழ்த்து மறுபடி போடுவான்."

நான் பூஜ்யம் போட்டேன்.
எதிர்மேசை வெண்டல் இரண்டு.
"நிற்கவேண்டும் என்று நினைக்கிறானே, அது சாதனைத் தேவை."
"வேண்டாம் என்று அவரே சொல்கிறார்."
"வேண்டாம் என்பவனை நம்பி
இந்தக் கூடத்தை நடத்தமுடியுமா, ஐலி?"
சாப்பாட்டு மணி அடிக்கும்வரை
ஒரு முடிச்சுக்குச் சண்டை.

மறுநாள் காலை, வேலை முடிந்த உடுப்போடு வந்து நின்றார்.
நகக்கண்ணில் கிரீஸ்.
தரவேண்டிய இரண்டு டாலரை முன்னமே தந்தாகிவிட்டது.
"நனைந்திருக்கிறது என்றேன். யோசித்துப் பார்த்தேன்.
நனையவில்லை. பழசு.
மாற்றி எழுதமுடியுமா?"
விதிப்படி முடியாது.
பரவாயில்லை, மதிப்பெண் மாறாது என்றேன்.
"மதிப்பெண்ணா?" என்றார்.
தொப்பியைக் கையில் ஒருமுறை சுற்றிவிட்டுப் போய்விட்டார்.

இரவெல்லாம் கம்பி இழுத்துக்கொண்டே
யாரோ வரைந்த கயிற்றை யோசித்த மனிதருக்குக்
கையேட்டில் பத்தி இல்லை. தேடினேன்,
பின்னிணைப்பிலும்.

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: பழசு.
வெண்டல் அதை அழிக்கவில்லை.

எண்ணுகிற எங்களை யாரும்
அந்தப் படத்தின் முன் உட்காரவைத்ததில்லை.
முதல்நாளே பார்த்துவிட்டேன்,
கயிற்றின் மறுமுனை சட்டத்துக்கு வெளியே போகிறது.
தொய்யவில்லை.
அந்தப் பக்கம் யாரோ பிடித்திருக்கிறார்கள்.

ஐந்தரைக்குப் பேருந்து. வெளியே பனி.
பாதி வழியில்தான் தெரிந்தது
ஒரு கையுறையை
வெண்டலின் மேசையில் விட்டிருக்கிறேன்.