பதினொரு டாலர் நாற்பது

முதல் தவறு என்னுடையதுதான்.
நசுங்கிய கதவை நெம்பித் திறந்த தீயணைப்புக்காரப் பையன்
எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டான்.
நன்றாக இருக்கிறேன் என்றேன்.
வாய்ப் பழக்கம்.
ஸ்டான்லியைப் புதைத்துவிட்டு வந்த அன்று
ரொட்டிக் கடையிலும் அதையேதான் சொன்னேன்.

பஃபலோ. ஜனவரி. பனி உப்பாய்க் கரைந்து சேறாகும் மாலை.
என் மடியில் பீட்ரூட் சூப், சரியாக மூடாத பாத்திரத்தில்.
சிவப்பை மதிக்காமல் பாய்ந்து வந்த டிரக்
எங்களை அப்படியே திருப்பி வைத்தது.
வந்த வழியைப் பார்த்தபடி நின்றோம்.
கோட்டு, கழுத்துத்துணி, இருக்கை, எல்லாம் சிவப்பு.
ஆம்புலன்ஸ் பெண் வெளிறிப் போனாள்.
பீட்ரூட் என்றேன். பீட்ரூட்தான், தங்கமே.

ஓட்டியவன் பெயர் பஹாத்தி.
அவர்கள் மொழியில் அதிர்ஷ்டம் என்று அர்த்தமாம்,
ஏறும்போதே சொல்லிச் சிரித்தான்.
இப்போது காற்றுப்பையின் பொடி புருவமெல்லாம் ஒட்ட
கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி
"ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டுவிடாதீர்கள்" என்றான்.
அவன் உதட்டில் ரத்தம்.
அது பீட்ரூட் இல்லை.

என் கைபேசியும் கேட்டது:
பயணம் முடிந்தது. பதினொரு டாலர் நாற்பது.
எப்படி இருந்தது?

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
மறுநாள் பனிகூடத் தள்ளினேன்.
மூன்றாம் நாள் காலை
தலையணையிலிருந்து தலை வரமாட்டேன் என்றது.
பல் துலக்க, கண்ணாடிக்கு முன்னால்
உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது,
பழைய டிராயரைப் போல.

நாத்தனார் போகுமிலா போனில் பிடித்துக்கொண்டாள்.
வக்கீல் ஆபீசில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவள்.
படம் எடுத்தாயா? டிரக்கின் எண்?
அந்தப் பயணத்தின் பக்கத்தையாவது, அது மறைவதற்குள்?
போலீஸ் அறிக்கை எண்?
அன்றைக்கே டாக்டரிடம் போகாமல்
பனி தள்ளினாளாம், மகாராணி!
எங்கள் வீட்டில் அன்பு இந்தக் குரலில்தான் வரும்.
இருந்தது ஒரே ஒரு படம்:
சேற்றில் உருண்டு கிடக்கும் பாத்திரம்.
அதன் பின்னால், தற்செயலாக, பாதி நம்பர் பலகை.
"பாதி போதும்" என்றாள்.
"கட்டாத வரை எதிலும் கையெழுத்துப் போடாதே."
என்ன கட்டாத வரை என்று கேட்கவில்லை.
கழுத்துப் பட்டையைச் சொன்னாளோ என்னவோ.
டாக்டரிடம் போனேன், கட்டிவிட்டார்கள்.

பிறகு இன்சூரன்ஸ்காரன். ட்ரெவர்.
வெண்ணெய் தடவிய குரல்.
அழைப்பு பதிவாகிறது, பரவாயில்லையா?
பரவாயில்லை என்றேன்.
இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?

நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்தச் சொல்.
விழுங்கினேன்.
விழுங்கவும் வலித்தது.
"கழுத்து திரும்பவில்லை" என்றேன்.

காகிதம் புரளும் ஓசை.
ஆனால் அன்று நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.
சொன்னேன்.
நானூற்றைம்பதுக்கு ஒரு காசோலை தயாராக இருக்கிறது,
ஒரு சின்னக் கையெழுத்துதான்.
இருக்கட்டும்.
உங்கள் ஓட்டுநர் சிவப்பில் போனதாக டிரக்காரர் சொல்கிறார்.
நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.
பஹாத்தியின் உதடு ஞாபகம் வந்தது.
அவனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தேன்;
அதைக் காட்டி ஒரு பல்கூடக் கட்டிக்கொள்ள முடியாது.

"இல்லை" என்றேன். "சாலையைப் பார்க்கவில்லை.
மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சூப் தளும்புகிறதா என்று."

ஓ, என்றான் ட்ரெவர், கொஞ்சம் சந்தோஷமாக.

"எவர்சில்வர் மூடி, ட்ரெவர்.
ஸ்டான்லி தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தது.
அதில் முதலில் தெருவிளக்கு ஓடியது,
அப்புறம் என் மூக்கு,
அப்புறம், வண்டி முனையைத் தாண்டும்போது, பச்சை.
மூடி முழுக்கப் பச்சை.
பதிவாகிறதுதானே?
இன்னொரு முறை சொல்கிறேன்."