வலப்பக்கக் கதவு

தெனிஸ்லியில் தண்ணீரைப் பற்றி
யாரும் பெருமையடிக்கத் தேவையில்லை.
இருபது நிமிடத் தொலைவில் அது ஒரு மலையையே
வெள்ளையாக்கி வைத்திருக்கிறது.
செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறிப் படமெடுக்கிறார்கள்
கொரியாவிலிருந்து வந்தவர்கள்.
அதே சுண்ணாம்பு கார்மேல் காய்ந்தால்
உள்ளூர்க்காரர்கள் என்னிடம் வருகிறார்கள்.
ஒரே கல். அங்கே நுழைவுச்சீட்டு, இங்கே கூலி.

அந்தக் கார் கருநீலம். ஏழு வயது.
கொண்டுவந்தவர் முஸெய்யென் ஹானிம்.
சாவியை மேசையில் வைத்தார், தேநீர் வேண்டாம் என்றார்,
பிறகு குடித்தார்.

இடப்பக்கம் சுத்தம்.
வலப்பக்கம் மட்டும், முன்சக்கரத்திலிருந்து பின்விளக்கு வரை,
சாய்ந்த வரிசையில் புள்ளிகள்,
யாரோ கைவீசி விதைத்த மாதிரி.
கீழே மிளகு, கூரையை நெருங்க நெருங்கக் கடுகு.
புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுழன்றால்
ஒரு பக்கம்தான் நனையும்.
இரவில் நனைந்து, வெயிலில் காய்ந்து,
மறுபடி நனைந்து:
ஒருநாள் வேலையல்ல.

வினிகரில் பாதி, வடித்த நீரில் பாதி.
துணியை நனைத்துப் போர்த்தி
அறுபது எண்ணினேன்.
வெள்ளை இளகியது. அடியில் இன்னொரு நிறம்,
கழுவாத தேநீர்க் கோப்பையின் அடி போல.
இரும்புக்கான மருந்தை அடித்தேன்.
கத்தரிப்பூ நிறத்தில் வழிந்தது.

"ஏன் இப்படி?"
இரும்பு, என்றேன்.
"எங்கள் தெருத் தண்ணீரில் இரும்பு இல்லையே."

இல்லைதான்.
செம்மண் நிறத்தில் காயும் தண்ணீர்
இந்தப் பக்கம் கராஹாயித்தில்தான்,
வெந்நீர் ஊற்று விடுதிகளின் தோட்டங்களில்.
நான் வாய் திறக்கவில்லை.
இந்தத் தொழிலில் முதல் பாடம்:
கறையின் பெயர் கேட்டால் சொல்லலாம்,
ஊர் கேட்டால் சொல்லக்கூடாது.
ஆனால் தெனிஸ்லியில் பிறந்தவருக்கு
என் வாய் எதற்கு?

கணவர் இடப்பக்கம் ஏறி இடப்பக்கம் இறங்குகிறவர்.
காரைச் சுற்றி வந்து பார்க்க
அவருக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.
தினமும் அந்தப் புள்ளிகளின் நடுவே
கைப்பிடியைத் தேடித் திறந்தவர் இவர்.

கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.
"மற்றதையெல்லாம் எடுத்துவிடு.
என் கதவை மட்டும் விடு."

பதினொரு வருடத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை.
கதவின் நான்கு விளிம்பிலும் காகித நாடா ஒட்டினேன்,
நேராக, சுருக்கமில்லாமல்.
களிமண் கட்டி, பஞ்சு, மெழுகு.
மாலை நான்குக்குக் கருநீலம் கருநீலமாக நின்றது,
நடுவில் ஒரே ஒரு அம்மைத் தழும்புக் கதவோடு.
கூலியைக் குறைத்துச் சொன்னேன்.
"விட்டதும் வேலைதானே" என்று
முழுதாகக் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து நெஜ்மி வந்தார், கணவர்.
"இந்தக் கதவை மறந்துவிட்டாய்."
மறக்கவில்லை, என்றேன்.
என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.
அந்தப் பக்கம் எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை;
அவர் மனைவியின் இருக்கையில்
பெல்ட் மாட்டியபடி
ஒரு மளிகைப் பை உட்கார்ந்திருந்தது.

சுண்ணாம்பு போயிற்று. இரும்பு ஊதாவாக வழிந்தது;
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
துடைத்ததும், சாய்ந்த வெயிலில்,
ஒவ்வொரு புள்ளி இருந்த இடத்திலும் ஒரு வளையம்.

"இன்னும் இருக்கிறதே?"
"கறை போய்விட்டது. இது பள்ளம்.
சுற்றியிருக்கும் வார்னிஷையும்
அதே ஆழத்துக்கு இறக்கினால்தான் மறையும்."

அளக்கும் கருவியை வைத்தேன்.
நூற்றுப் பதினான்கு மைக்ரான்.
ஒருமுறை தேய்த்தால் நாலைந்து போகும்.
"போனது திரும்ப வருமா?"
வராது.
"எத்தனை முறை தாங்கும்?"
இரண்டு முறை.
மூன்றாவதற்கு நான் கை வைக்கமாட்டேன்.

ஒரு வளையத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.
நகத்துக்கு எதுவும் தட்டுப்பட்டிருக்காது;
அது கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஆழம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றார்.
பையின் பெல்ட்டைச் சரிசெய்து,
அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு,
சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினார்.